கை தெரியும் சட்டை

குளிர்காலம் பிறந்துவிட்டால் எங்கள் கடைக்கு ஒரு தினுசான ஆட்கள் வருவார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள். "மேல் பாதி மட்டும் பாக்க நல்லா இருக்கணும். கீழ எப்படி இருந்தா என்ன, யார் பாக்கப் போறா?" என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்பார்கள். பதினாறு வருஷமாகக் குளிர் உடுப்புப் பிரிவில் நிற்கிறேன். ஒரு ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு வரும்போதே அவருக்கு எந்த அளவு, எந்தக் கழுத்து, எங்கே குளிர் ஏறும் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரை வைத்துக்கொண்டுதான் என் அக்கா வீட்டில் ஒரு குளிர்காலம் முழுவதையும் கெடுத்தேன்.

அக்கா சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாதவர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கோ அலுவலகத்துக்கோ போனால் அங்கே மேஜை மேல் ஒரு திரையை வைப்பார்கள். அதில் அக்கா வருவாள். டாக்டர் வாயால் சொல்வதைக் கையால் சொல்வாள். நோயாளி கையால் சொல்வதை வாயால் சொல்வாள். இந்த வேலையில் 'நான்' என்றால் அக்கா இல்லை. நோயாளி "எனக்கு இடுப்பு வலி" என்றால் அக்காவும் "எனக்கு இடுப்பு வலி" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. சாயங்காலம் டீயைக் கையில் வாங்கும்போது, "இன்னைக்கு மட்டும் எனக்கு மூணு பிரசவம், ஒரு மூட்டு ஆபரேஷன்டி" என்பாள். பதினோரு வருஷத்தில் அவள் பேரில் ஒரு புகார் கிடையாது.

அந்த மொழியை அவள் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, அத்தானிடம். அத்தானுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மரச்சாமான் பட்டறையில் தச்சர். அதே பட்டறையில் ஆர்டர் எழுதி வைக்கும் வேலைக்கு அக்கா போனாள். இரண்டு அலமாரிக்கு அளவு சொல்லப் போனவள், கல்யாணமே பண்ணிக்கொண்டு வந்துவிட்டாள். அத்தான் எல்லாருக்கும் கையாலேயே ஒரு பட்டப்பெயர் வைப்பார். அக்காவுக்கு, புருவத்தில் ஒரு விரலை வைத்து மேலே தூக்குவது. அவள் கேள்வி கேட்டால் புருவம் நெற்றிக்கு ஏறிவிடும். எனக்கு, மூக்கைப் பிடித்துத் திருகுவது. எதற்கெடுத்தாலும் மூக்கை நுழைப்பவள் என்று அர்த்தம். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். பட்டம் பொருத்தமில்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை.

போன குளிர்காலத்துக்கு முன்புதான் அக்காவின் அலுவலகத்தை மூடிவிட்டு, எல்லாரும் வீட்டிலிருந்தே பேசுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கீழ்வீட்டில் பின்பக்கம் இருந்த சாமான் அறையைக் காலி செய்து சுவரில் கருநீலத் துணி ஒன்றைத் தொங்கவிட்டாள். வடக்குப் பார்த்த அறை. ஹீட்டர் போட்டால் அதன் இரைச்சல் மைக்கில் விழுகிறது, டாக்டர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று அதையும் நிறுத்திவிட்டாள். அந்த அறையில் காலை எட்டு மணிக்கு மூச்சு விட்டால் புகை தெரியும்.

அங்கே உட்கார்ந்து வேலை பார்க்க எப்படி உடுத்துவது? என் தொழில் அறிவு அத்தனைக்கும் அது பரீட்சையாக இருந்தது. மற்றவர்களைப் போல் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார முடியாது, வாயசைவு மறையும். தலையில் குல்லாய் போட முடியாது. புருவம் மறைந்தால் கேள்வியும் பதிலும் ஒன்றாகிவிடும். கையுறை என்ற பேச்சே கிடையாது. மோதிரம், வளையல், நகப்பூச்சு எதுவும் ஆகாது. சட்டை கறுப்பாக, கோடு இல்லாமல், பூ இல்லாமல், பொத்தான் பளபளக்காமல் இருக்க வேண்டும். மாநிறக் கை அதன்மேல் பளிச்சென்று தெரிய வேண்டும். நைலான் கலந்த துணி உள்ளே உரசிச் சரசரக்கும், அதுவும் மைக்கில் விழும். நானே தேடித் தேடி எடுத்தேன்: உடம்போடு ஒட்டும் மெல்லிய உள்சட்டை ஒன்று, அதன்மேல் கையில்லாத கம்பளி பனியன், அதற்கு மேல் மோவாயைத் தொடாத அளவுக்குக் கழுத்து ஏறிய கறுப்புச் சட்டை. கையைத் தூக்கும்போது சட்டைக்குள் குளிர் புகுந்துவிடாமல் இருக்கக் கறுப்புக் காலுறையை வெட்டி மணிக்கட்டுவரை மாட்டிவிட்டேன். கீழே இரண்டு கால்சட்டை, கம்பளிக் காலுறை, மேலே ஒரு ரஜாய்ப் போர்வை, மடியில் வெந்நீர்ப் பை. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் அந்தப் பையில் கையைப் புதைத்துக்கொள்வாள். விரல் விறைத்துப் போனால் பேச்சு குழறும். வாய் குழறுவது போலத்தான்.

மேல் பாதியைப் பார்த்தால் நீதிபதி. கீழ் பாதியைப் பார்த்தால் மழையில் நனைந்து வந்த கோழி.

நாள் முழுக்க அப்படி இருந்துவிட்டு ஐந்து மணிக்கு அந்த அறையை விட்டு வெளியே வருவாள் பாருங்கள், பாவமாக இருக்கும். "காக்கா வேஷம் போட்டுப் போட்டு என் மூஞ்சியே எனக்கு மறந்து போச்சுடி" என்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. கடைக்குப் புதிதாக வந்த ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். தடித்த கம்பளி. சிவப்பு, மஞ்சள், பச்சை, செம்மண் நிறம் என்று உடம்பு முழுக்கப் பூ. கை நீளம், இழுத்துவிட்டால் விரல் நுனிவரை மூடும். அக்கா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று சின்னப் பெண் மாதிரி ஒரு சுற்று சுற்றினாள். அன்றிலிருந்து ஐந்து மணி ஆனால் கறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அதற்குள் புகுந்துகொள்வாள். கூடத்தின் பெரிய விளக்கையும் அணைத்துவிடுவாள். நாள் முழுக்கத் திரையைப் பார்த்த கண் கூசுகிறதாம். மூலையில் இருக்கும் சின்ன விளக்கு ஒன்றுதான் எரியும்.

முதல் வாரத்திலேயே அத்தான் சொல்லிவிட்டார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையால் சொன்னார்: "அந்தக் கறுப்புச் சட்டையே போட்டுக்கோயேன். அதுதான் நல்லா இருக்கு."

அக்காவின் புருவம் ஏறியது. "ஏன், இதுக்கு என்ன?"

"கறுப்பு நல்லா இருக்கு" என்று மறுபடியும் சொன்னார். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "நல்ல கதையா இருக்கே! வீட்லயும் யூனிஃபார்ம் போடணுமாமா? ஆசையா ஒண்ணு போட்டா ஆம்பளைங்களுக்குப் பொறுக்காது. நீ கழட்டாத அக்கா" என்றேன். என் பேச்சு அவருக்குக் கேட்காது என்ற தைரியம். அக்கா சிரித்தாள். அத்தான் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவையாவது அந்தப் பேச்சு வரும். கறுப்பைப் போடு, பெரிய விளக்கைப் போடு. அக்காவுக்கு எரிச்சல் வரும். "பகலெல்லாம் ஊருக்காக இருக்கேன். ராத்திரியாவது எனக்காக இருந்துக்கறேனே" என்பாள். குளிரும் கூடிக்கொண்டே போனது. சோபாவில் கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், அவர் ஏதாவது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவாள். கேட்கும் காது உள்ளவர்கள் வீட்டில் இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அந்த வீட்டில் கையை உள்ளே இழுத்துக்கொள்வதும் வாயைத் தைத்துக்கொள்வதும் ஒன்றுதான். எப்போதாவது கையை வெளியே எடுத்து அவசர அவசரமாக ஏதாவது சொல்வாள். அவரும் தலையை ஆட்டுவார். சொன்னதைச் செய்ய மாட்டார். "தலையத் தலைய ஆட்டறாரு, ஒண்ணும் மண்டையில ஏறல" என்று என்னிடம் குறை சொல்வாள்.

அத்தானின் நடவடிக்கையும் மாறியிருந்தது. பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார். செருப்பு அலமாரியில் இடித்துக்கொள்வார், அவரே செய்த அலமாரி. நாலரைக்கே இருட்டிவிடும் அந்த மாதங்களில், பட்டறையிலிருந்து கால் மணி நேரத்தில் வருகிறவர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். "வீட்டுக்கு வரவே மனசில்ல போல" என்று அக்கா ஒரு நாள் சொன்னாள். நான் அதற்கும் எண்ணெய் ஊற்றினேன். "வர்றப்ப வரட்டும், நீ பாட்டுக்கு சாப்பிடு" என்றேன்.

இதையெல்லாம் வரிசையாகச் சொன்னால் உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். பக்கத்திலேயே இருந்த எங்களுக்குப் புரியவில்லை. அதிலும் அக்காவுக்குப் புரியவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்த மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கு அவள்தான் திரையில் பாடம் எடுத்தாள். டீ கொண்டு போன நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "கண் பார்வை குறைஞ்சவங்களும் வருவாங்கம்மா. அவங்களுக்குப் பூப்போட்ட துணி மேல கை தெரியாது. கறுப்பு போடுங்க. வெளிச்சம் முன்னாலேர்ந்து வரட்டும். கையைப் பக்கவாட்டுல கொண்டு போகாதீங்க, நெஞ்சுக்கு நேரா வெச்சே பேசுங்க. புரியலேன்னாலும் தலையாட்டுவாங்க, கூச்சம். அதை நம்பிடாதீங்க." ஒரு சொல் பிசகாமல் சொல்லிக் கொடுத்தாள். ஐந்து மணிக்கு வெளியே வந்து பூப்போட்ட ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பெரிய விளக்கை அணைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு நாள், எனக்கு வார விடுமுறை. விடுமுறை நாளில் அக்காவுக்கு வெந்நீர்ப் பையை மாற்றிக் கொடுப்பது என் வேலை. அழைப்பு நடுவில் இருந்தால் திரையில் என் முகம் விழக்கூடாது. அதனால் கதவை மெல்லத் திறந்து, நாலு காலில் தவழ்ந்து போய், மேஜைக்கு அடியிலிருந்து பையை மடியில் வைத்துவிட்டு அப்படியே பின்னால் வந்துவிடுவேன். என் வயதுக்கும் உடம்புக்கும் அது பார்க்கச் சகிக்காத காட்சி. அன்றும் அப்படித்தான் போனேன். பழைய பையை எடுத்துப் புதியதை வைக்கும்போது அடுத்த அழைப்பு வந்துவிட்டது. சரி, தொடங்கட்டும், பிறகு நகரலாம் என்று மேஜைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா வழக்கமான வணக்கத்தைச் சொன்னாள். பாதியில் நின்றுவிட்டாள். ரஜாய்க்குள் இருந்த அவள் முழங்கால் என் தோளில் இடித்தது.

"டாக்டர், மன்னிக்கணும்" என்றாள். "இவர் என் வீட்டுக்காரர். சொந்தக்காரங்களுக்கு நாங்க பேசக்கூடாது. இருபது நிமிஷத்துல வேற ஆள் வருவாங்க."

டாக்டர் சொன்னது அவள் காதில் மாட்டியிருந்த கருவியில் மட்டும் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை. வெளியே கூட்டம் நிற்கிறது, இவரையே கேளுங்கள் என்றாராம். அக்காவின் கை அசைந்தது. பிறகு அவள் அத்தானுடைய குரலாகப் பேசினாள்.

"இவளே இருக்கட்டும் டாக்டர். எத்தனையோ மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் இவ கை எனக்குத் தெளிவாத் தெரியுது."

அதைச் சொல்லி முடித்தபோது என்ன சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். நான் வெந்நீர்ப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். மேஜை விளிம்புக்கும் அவள் மோவாய்க்கும் நடுவே அவளுடைய இரண்டு கைகளும் தெரிந்தன. எனக்குச் சைகை அரைகுறைதான். ஆனால் அவள் அன்று சொன்னது அரைகுறைக்கும் புரியும். இரண்டு உள்ளங்கையையும் முகத்தின் இரு பக்கமும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டு வந்தாள். ஓரத்திலிருந்து இருட்டி வருகிறது. பிறவியில் காதைக் கொண்டுபோன அதே கோளாறுதான் கண்ணுக்கும் வந்திருக்கிறது. மருந்து இல்லை. ஆபரேஷன் இல்லை. அத்தனையையும் டாக்டராகவே இருந்து, 'நான் பரிசோதனை செய்து பார்த்தேன்' என்றே சொன்னாள்.

"எவ்வளவு நாள் இருக்கு?" என்று அத்தானுக்காகக் கேட்டாள். டாக்டர் பதில் சொல்லியிருக்க வேண்டும். அக்காவின் வலது கையில் இரண்டு விரல் நிமிர்ந்தது. அங்கேயே நின்றது. அப்புறம் அந்தக் கை மூடிக்கொண்டது. இரண்டு கையையும் சேர்த்துப் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். பத்து வருஷம்.

பதினோரு வருஷ வேலையில் அவள் சொன்ன முதல் பொய் அது.

அடுத்த நிமிஷம் அவள் வாயிலிருந்தே அத்தான் பேசினார். வேலையின் சட்டம் அது, அவர் சொல்வதை டாக்டருக்குச் சொல்லியே ஆக வேண்டும். "கை பத்துன்னு சொல்லுது. முகம் வேற ஏதோ சொல்லுது. நீங்க என்ன சொன்னீங்க டாக்டர்?"

அந்தக் கேள்வியை அவள் ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். பதிலைக் கேட்டாள். பத்து விரலையும் மடக்கிவிட்டு, இரண்டு காட்டினாள். பிறகு மூன்று காட்டினாள். மேஜைக்கு அடியில் நான் என் வாயைப் பொத்திக்கொண்டேன். மைக்கில் விழக்கூடாதே.

அழைப்பு முடிந்ததும் அக்கா தன் மேலதிகாரிக்குப் போன் போட்டு, சொந்தக்காரருக்குப் பேசினேன், ஒரு இடத்தில் மாற்றியும் சொன்னேன், என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி என்று அவளாகவே சொன்னாள். அப்புறம் இருந்த கோலத்திலேயே கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். கறுப்புச் சட்டை, இரண்டு கால்சட்டை, கம்பளிக் காலுறை மேல் வீட்டுச் செருப்பு. அவள் மேல்கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். மணி நாலரை தாண்டி இருட்டியிருந்தது.

அவர் வரும் பஸ்ஸுக்காகத் தெருமுனையில் நின்றோம். பஸ் வந்ததும் நிறுத்தத்தில் இறங்கியவர்கள் எல்லாரும் விறுவிறுவென்று போய்விட்டார்கள். கடைசியாக அத்தான் வந்தார். நல்ல கோட்டு, பாலிஷ் போட்ட காலணி, தலை படிய வாரியிருந்தார். ஒரு கை வீட்டுச் சுவர்களைத் தடவிக்கொண்டே வந்தது. சுவர் முடிந்து வாசல் வந்த இடத்தில் நின்றார். காலால் தரையைத் துழாவினார். பிறகு அடுத்த சுவரைத் தொட்டார். முக்கால் மணி நேரம் எப்படி ஆகிறது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அக்கா ஓடிப் போய்த் தெருவிளக்குக்குக் கீழே அவர் எதிரில் நின்றாள். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

அத்தான் அவளையே பார்த்தார். கோபம் இல்லை. "சொன்னேனே. தினமும் சொன்னேன். கறுப்பு போடுன்னு சொன்னேன்" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கண்ணு போகுதுன்னு சொல்லப் பயமா இருந்தது. நீயே கண்டுபிடிச்சிடுவேன்னு நெனச்சேன்" என்றார்.

அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடந்துகொண்டே மற்றொரு கையால் பேச ஆரம்பித்தாள். ஒரு கையால் பேசுவது போதாமல் பிடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பேசினாள். நான் பின்னால் வந்தேன். ஸ்வெட்டர், விளக்கு, டம்ளர், பாடம் எடுத்தது, அவரைத் திட்டியது, எல்லாவற்றையும் கொட்டினாள். அத்தான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் ஆட்டினார். எனக்குத்தான் முதலில் தெரிந்தது. நாங்கள் இரண்டு விளக்குகளுக்கு நடுவே இருந்தோம். அங்கே எனக்கே அவள் கை சரியாகத் தெரியவில்லை.

"அக்கா" என்றேன். "இருட்டுக்கா."

அவள் நின்றாள். அவரைப் பார்த்தாள். அவர் அப்போதும், அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று எண்ணி, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவர் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அடுத்த விளக்குக்கு அழைத்துப் போனாள். முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். விரல் மடங்கவில்லை. வெந்நீர்ப் பை இல்லாமல் கால் மணி நேரம் வெறும் கையோடு நின்றதில் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. மன்னிப்புக் கேட்கும் சைகையை மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும் வேறு ஏதோ வந்தது.

அத்தான் அந்த இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்து மூடிக்கொண்டு, குனிந்து ஊதினார். மரம் இழைத்துக் காய்ப்பு ஏறிய பெரிய கைகள். அவள் விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். சொல்லி முடிக்க வேண்டும் அவளுக்கு. அவர் விடவில்லை. சூடு ஏறட்டும் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான்கு கைகளும் ஒன்றாக இருந்தன. அப்படி இருக்கும்போது அவர்கள் இருவராலும் ஒரு வார்த்தை பேச முடியாது. என்னால் பேச முடியும். நான் அவள் கோட்டை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.